மகளின் வசனம்

மைசூர்
11 மார்ச் 2024

வைஷாலி அவர்களுக்கு,

என் பெயர் வைதேஹி. கேசவமூர்த்தியின் மகள். நிஜமான மகள் என்று சேர்த்து எழுத வேண்டிய நிலைமை வந்திருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் பாரிஸிலிருந்து என் அப்பாவுக்கு அனுப்பிய கடிதம் இன்று மத்தியானம் வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். வெளிநாட்டு ஸ்டாம்பு, உள்ளே தமிழ் எழுத்து. அவர் நடித்த படம் சம்பந்தமாக ஏதோ இருக்கும் என்று பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தது தப்புதான். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இரண்டாவது பாராவில் எழுதியிருக்கிறீர்கள்: "பயாப்ஸி முடிவை வீட்டில் சொல்லிவிட்டீர்களா? இனியும் தள்ளிப்போடாதீர்கள் அப்பா."

நான் வாசலில் நின்றுகொண்டே அதை நாலு தரம் படித்தேன். என்ன பயாப்ஸி? எந்த முடிவு? எனக்கு நாற்பத்துநாலு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன எட்டு வருஷமாக நானும் அவரும் ஒரே வீட்டில் ஒரே பால் பாக்கெட்டில் காபி குடிக்கிறோம். நான் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். தினமும் நூறு பேருடைய ரத்தம் என் கை வழியாகப் போகிறது. என் வீட்டில் இருக்கிற மனுஷருக்கு என்ன என்று பாரிஸில் இருக்கிற ஒரு நடிகை எழுதி நான் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் முப்பத்துநாலு வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் கன்னட நாடக ஒத்திகைக்கு ஓடுவார். எழுபத்தொரு வயதில் ஒரு பிரெஞ்சுப் படத்தில், அதுவும் முக்கிய வேஷம் என்று உங்கள் டைரக்டர் அம்மா வந்து கேட்டபோது, தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பிரெஞ்சு வசனத்தைக் கன்னட எழுத்தில் நோட்டில் எழுதி வைத்து, குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்க பிரான்ஸிலிருந்து வருகிற மகள் நீங்கள் என்றார். நல்ல பெண் என்றார். சரி என்றேன்.

படம் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இன்னும் எதற்கு "அப்பா" என்று எழுதுகிறீர்கள்? மேலுக்கோட்டையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் அப்பாவை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரு நாளும் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

அவர் இப்போது மாடியில் தூங்குகிறார். எழுந்ததும் உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் எனக்கு எல்லாம் தெரிய வேண்டும். கடிதத்தின் கீழே உங்கள் மெயில் முகவரி இருந்ததால் இது இன்றே உங்களுக்கு வந்துவிடும். போன் பண்ண வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

வைதேஹி


பாரிஸ்
12 மார்ச் 2024

அன்புள்ள வைதேஹி அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நம்பித்தான் எழுதினேன். விமான நிலையத்துக்கு நான் கிளம்பிய அன்று, ஒரு வாரத்தில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

நடந்தது இதுதான். பிப்ரவரி முதல் வாரம் மண்டி மொஹல்லா வீட்டில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் மேக்கப் பெண் ஒரு நாள் அவருடைய கண் மஞ்சளாக இருக்கிறது என்றாள். விளக்கு வெளிச்சம் என்று நினைத்தோம். மறுநாளும் அப்படியே இருந்தது. மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. இயக்குநர் பயந்துபோய், டாக்டரிடம் காட்டாமல் கேமரா முன்னால் நிற்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆறாம் தேதி எனக்குக் காட்சி இல்லை. வண்டியில் அவரோடு யாராவது போக வேண்டும். படக்குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் போனேன். வேறு காரணம் இல்லை அக்கா.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் பயாப்ஸி. கணையத்தில் என்றார்கள். வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் நின்றோம். யாரிடமும் சொல்லாதே, படம் முடியட்டும் என்றார். இயக்குநரிடம் அல்சர் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அது தவறு என்று அப்போதே தெரியும். ஆனால் அவர் கேட்டபோது என்னால் முடியாது என்று சொல்ல வரவில்லை.

அவர் எப்போதும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் கொடுக்கிறோம் என்று வருத்தப்படுவார்.

எனக்குத் தமிழ் எழுத்து என் அம்மா சொல்லிக் கொடுத்தது. அம்மா காரைக்கால். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார்? நீங்கள் அனுமதித்தால் நான் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
வைஷாலி


மைசூர்
20 மார்ச் 2024

வைஷாலி,

என்னை அக்கா என்று எழுதாதே. நீங்கள் என்று எழுதுகிற மரியாதையும் என்னிடம் தீர்ந்துவிட்டது, அதனால் இனி நீ என்றுதான்.

அன்றைக்குக் காபியோடு உன் கடிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். மடித்தார். பிறகு, "கவரை யாரு கிழிச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் கத்தினேன். எதிர்வீட்டுக் கமலம்மாள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மேக்கப் பெண் பார்த்த மஞ்சள், தினமும் பார்க்கிற என் கண்ணில் படவில்லை. மறுநாள் நானே அவர் ரத்தத்தை எடுத்தேன். பிலிருபின் எவ்வளவு என்று உனக்குச் சொன்னால் புரியாது. எனக்குப் புரிந்தது. பெங்களூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கல்லீரலுக்கும் போய்விட்டது. பித்தம் இறங்க ஒரு குழாய் வைக்கலாம், மற்றபடி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று அந்த டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. வித்தியாசம் இருந்திருக்காது என்றால் உன் மேல் எப்படிக் கோபப்படுவது என்பதும் தெரியவில்லை. ஆனாலும் கோபம் இருக்கிறது.

பிப்ரவரி பதினாலாம் தேதி உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் சாகிற காட்சி. என்னை வரச் சொல்லியிருந்தார். லேபில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். டைரக்டர் அம்மா என் காதில் ஹெட்போன் மாட்டி மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார். அண்ணா கட்டிலில் கிடந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவர் உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்படி அவர் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. சரி, நடிப்பு, நம் அண்ணா எவ்வளவு பெரிய நடிகர் என்று நினைத்தேன். கட் சொன்னதும் யாரும் அசையவில்லை. முதலில் கைதட்டியவள் நான்தான்.

அந்த அறையில் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. உங்கள் இரண்டு பேருக்கும். நான் கைதட்டினேன்.

எப்போதும் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார் என்று எழுதியிருக்கிறாய். பொய். அவர் யாரைப் பற்றியும் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கிறவர் இல்லை. எனக்குக் கஷ்டம் கொடுப்பதாக அவர் வருத்தப்பட்டதாகவும் சரித்திரம் கிடையாது. எனக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பப் பார்க்காதே.

நீ வர வேண்டாம். பார்வையாளர்களை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வைதேஹி


லியோன்
22 மார்ச் 2024

வைதேஹி அவர்களுக்கு,

நான் எழுதியது பொய்தான். உங்களைச் சமாதானப்படுத்த எழுதினேன். இப்போது உள்ளதை எழுதுகிறேன். படித்தபிறகு நீங்கள் எனக்கு எழுதாமல் போனாலும் சரி.

முப்பத்தொரு நாள் படப்பிடிப்பில் அவர் உங்களைப் பற்றிப் பேசியது மூன்று நான்கு தடவை இருக்கும். மற்ற நேரமெல்லாம் நாடகம். எந்த ஊரில் எந்த வேஷம் போட்டார், எந்த இடத்தில் வசனம் மறந்து எதைச் சொல்லிச் சமாளித்தார், ஸ்டோர்ஸில் போல்ட்டு நட்டு எண்ணிக்கொண்டே எப்படிப் பாடம் பண்ணினார், இதுதான் பேச்சு. என்னை மகளாக நினைத்து அவர் பேசவில்லை. கூட நடிக்கிறவளாக நினைத்துப் பேசினார்.

அன்று ஆட்டோ ஸ்டாண்டில் நான் கேட்டேன், உங்கள் பெண்ணிடமாவது சொல்லக்கூடாதா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் பொண்ணு லேப்ல இருக்கா. அவளுக்குத் தெரிஞ்ச நிமிஷத்திலேருந்து நான் ஒரு ரிப்போர்ட். இன்னும் எட்டு நாள் ஷூட்டிங் இருக்கு. அதுவரைக்கும் நடிகனா இருந்துட்டுப் போறேனே."

இன்னொன்றும் மறைத்தேன். முடிவைச் சொன்ன டாக்டர் என்னைப் பார்த்து "மகளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டார். இல்லை என்றால் டாக்டர் என்னை வெளியே அனுப்பியிருப்பார், அதனால் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

என் அப்பா எனக்கு ஒன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவர். மார்ஸேயில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பிறந்தநாளுக்கு ஒரு செய்தி அனுப்புவார். சில வருடம் தேதி தப்பி வரும்.

தினமும் ஆறு மணிக்கு நீங்கள் ஸ்கூட்டரில் வந்து அவரைக் கூட்டிப் போவீர்கள். உங்கள் ஹாரன் சத்தம் கேட்டால் அவர் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பேன். நீங்கள் ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்து அழுத்துவீர்கள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி தாடையைத் தூக்கிக் காட்டுவார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமலேயே வாரை மாட்டிவிடுவீர்கள். யாரிடமோ என்னவோ கன்னடத்தில் பேசிக்கொண்டே மாட்டுவீர்கள். பார்க்காமல் செய்கிற அளவுக்கு அது உங்களுக்குப் பழக்கம். எனக்கு வயிறு எரியும். கேமரா முன்னால் நான் அவருக்கு மகளாக இருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

லியோனில் ஒரு நாடகத்தில் நடிக்கிறேன். மே பத்து வரைக்கும் காட்சி இருக்கிறது. டாக்டர் சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வைஷாலி


மைசூர்
9 ஏப்ரல் 2024

வைஷாலி,

இன்று யுகாதி. வேப்பம்பூவும் வெல்லமும் அவர் நாக்கில் துளி வைத்தேன். கசப்பு மட்டும் தெரிகிறது என்றார்.

டாக்டர் யாரையும் விடக்கூடாது என்று சொல்லவில்லை. அது உனக்குத் தெரிந்திருக்கும். அவரிடமும் பொய் சொன்னேன். அந்தப் பெண் கடிதம் போட்டாளா என்று இரண்டு தடவை கேட்டார். "அவளுக்கு நாடக வேலை அதிகமாம், உன் சௌக்கியத்தை விசாரிச்சா," என்றேன். நீ வந்து பார்க்கக் கேட்டதைச் சொல்லவில்லை. நீ வந்தால் அவர் எழுந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும். எனக்காக அவர் எழுந்து உட்காருவதில்லை. நான் கஞ்சியோடு போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். சதா நேரமும் தர்மாமீட்டரும் மாத்திரையுமாகப் போகிறவளைப் பார்த்து வேறு என்ன செய்வார்? நீ எழுதியதைப் படித்த அன்றைக்கு இது எனக்கு உறைத்தது. ரிப்போர்ட் என்று சொன்னாராமே. அந்த வார்த்தையை மூன்று வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது நான் எழுதுவது ஒரு காரியத்துக்காக. உங்கள் டைரக்டர் அம்மா அவருக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார். இன்னும் முழுசாக முடியவில்லையாம், ஆனாலும் அவர் பார்க்க வேண்டும் என்று லிங்க் அனுப்பியிருக்கிறார். அடியில் எழுத்து எதுவும் வரவில்லை. எல்லாம் பிரெஞ்சு. அண்ணாவுக்குத் தன் வசனம் மட்டும்தான் தெரியும். மகள் என்ன பேசுகிறாள் என்பது சுமாராகத்தான் தெரியுமாம். "அவ என்ன சொல்றான்னு தெரியாம நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிண்டிருந்தேன், ஒரு தடவை ரெண்டும் சேர்த்துக் கேக்கணும்" என்கிறார். நோயில் விழுந்தபிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் இது.

உன் வசனத்தையெல்லாம் தமிழில் எழுதி அனுப்ப முடியுமா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டுகிறேன். உன்னிடம் போய் இதைக் கேட்கிறேனே என்று இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் கேட்பது? சீக்கிரம் அனுப்பு. நாள் அதிகம் இல்லை.

நீ வருவதானால் வா. நான் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வைதேஹி


லியோன்
12 ஏப்ரல் 2024

அன்புள்ள வைதேஹி,

முப்பத்துநாலு பக்கம் இணைத்திருக்கிறேன். மூன்று நாளாக இதே வேலை. எந்த வசனம் எப்போது வருகிறது என்று நிமிடக் கணக்கும் போட்டிருக்கிறேன், நிறுத்தி நிறுத்திப் படிக்க வசதியாக இருக்கும்.

என்னால் இப்போது வர முடியாது. எனக்குப் பதில் மேடை ஏற ஆள் இல்லை. மே பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கங்களை உங்களுக்கு அனுப்ப எனக்கு மனசே இல்லை. இது என் வேஷம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டிய வார்த்தைகள். எழுதும்போது ஓர் இடத்தில் படத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன், நான் அவருக்குச் சொல்ல நினைத்த வரி. நீங்கள் அது என்னுடையது என்று தெரியாமலேயே படித்துவிடுவீர்கள். பிறகு எடுத்துவிட்டேன். உங்கள் வாயில் என் பேச்சைத் திணிப்பது சரியில்லை.

படத்தில் இருப்பது மட்டும்தான் இதில் இருக்கிறது.

வைஷாலி


மைசூர்
28 ஏப்ரல் 2024

வைஷாலி,

இன்று காலை பத்தேகாலுக்கு அண்ணா காலமானார். நான் பக்கத்தில் இருந்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

வைதேஹி


மைசூர்
12 மே 2024

வைஷாலி,

பதிமூன்று நாள் காரியமும் முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இன்றைக்கு நீ விமானம் ஏற இருந்த நாள் என்பது காலையில் ஞாபகம் வந்தது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

உன் பக்கங்களை ஏப்ரல் இருபதாம் தேதி படித்தோம். சனிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்து, முடிக்கும்போது சாயங்காலம் நாலாகிவிட்டது. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். லேப்டாப்பை நாற்காலி மேல் வைத்தேன். சட்டை மாற்றிவிடச் சொன்னார். உங்கள் படத்தைப் பார்க்க, நாடகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்றார்.

திரையில் நீ ஒரு வரி சொல்லுவாய், நான் நிறுத்துவேன், உன் வரியைத் தமிழில் படிப்பேன், மறுபடி ஓட விடுவேன். அவர் வசனம் வந்தால் அவர் உதடு அசையும். பிரெஞ்சில் அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை விடவில்லை. மாத்திரை பேர் மறந்துபோகிற மனுஷர்.

முதல் அரைமணி நேரம் நான் லேபில் பேர் கூப்பிடுகிற மாதிரி படித்தேன். எனக்கு வேறு எப்படித் தெரியும்? பிறகு அந்த இடம் வந்தது. நீ பெட்டியோடு வந்து கட்டில் பக்கத்தில் நிற்கிற இடம். "அப்பா, நான் சண்டை போடத்தான் வந்தேன். வந்து பார்த்தால் சண்டை போட ஆள் இல்லை. ஒரு கட்டில்தான் இருக்கிறது." அந்த முதல் வார்த்தை என் வாயில் வரவில்லை. இருமிக்கொண்டேன். அதை விட்டுவிட்டு மீதியைப் படித்தேன்.

அவர் விரலைத் தூக்கினார். "முதல் வார்த்தையை முழுங்கிட்டே," என்றார்.

மறுபடி படித்தேன். "வந்தேன்னு சொன்னப்புறம் மூச்சு விடு. அவ பன்னெண்டு வருஷமா மனசில வெச்சிண்டிருக்கா. அதைச் சொல்லிட்டா. அடுத்தது என்ன சொல்றதுன்னு அவளுக்கே தெரியலை. அப்புறம்தான் கட்டில் கண்ணில படறது."

மறுபடி படித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழாதே," என்றார். "அழறது பாக்கறவா வேலை. நீ சொல்லு, போதும்."

நாலாவது தடவையும் சரியில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன நடிகையா, எனக்குத் தெரிந்த மாதிரி படிக்கிறேன், வேண்டுமானால் கேள் என்று காகிதத்தை மடியில் வீசினேன். அவர் சிரித்தார். அதே மாதிரி இந்த வரியைச் சொல்லு என்றார். சொன்னேன், வைஷாலி. அப்பா, நான் சண்டை போடத்தான் வந்தேன் என்று கத்தியே சொன்னேன். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். அந்த மஞ்சள் முகம், தலையணை, பாதி குடித்த இளநீர். அதற்கப்புறம் மீதி இரண்டு வரியும் எனக்குக் காகிதம் பார்க்காமல் வந்தது.

"ஆங். இப்போ சரி," என்றார். உடனே, "அந்தப் பொண்ணு இதை முதல் தடவையே நன்னாப் பண்ணிட்டா," என்று சேர்த்தார். அங்கேயே எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

அப்புறம் எல்லா இடத்திலும் திருத்தினார். இங்கே குரலை இறக்கு, இங்கே என்னைப் பார்க்காதே, ஜன்னலைப் பார். மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தபோது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டே அடுத்த காட்சியை விளக்கினார்.

சாகிற காட்சி வந்தபோது நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். ஓட விட்டேன். திரையில் அவர் கையைத் தூக்கி உன் கன்னத்தைத் தொடுகிறார், உனக்கு ஞாபகம் இருக்குமே. அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கையை ரொம்ப நேரம் தூக்கிண்டிருக்கேன். அவ்வளவு தெம்பு இருக்காது. அப்போ தெரியலை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். இரண்டு பேரும் சிரித்ததில் அவருக்கு வலி வந்து ஊசி போட வேண்டியதாயிற்று.

அதற்குப்பிறகு எட்டு நாள் இருந்தார். ஊசி மயக்கம் தெளிகிற நேரமெல்லாம் பக்கத்தை எடு என்பார். பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. உன்னைப் பற்றியும் கேட்டார். மே பன்னிரண்டாம் தேதி வருகிறாய் என்று சொன்னேன். நீ முன்பே வரக் கேட்டாய், நான்தான் தடுத்தேன் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். திட்டவில்லை. பாவம் என்றார். உன்னைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி நாள் காலை அவருக்குப் பேச்சு இல்லை. கையைத் தூக்கவில்லை. அவர் சொன்னது சரிதான்.

நீ வந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை உன்னுடையதாக ஆகியிருக்கும். நான் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருப்பேன். அதனால் நீ வராமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்படி எழுதுவது தப்பு. ஆனால் நீ என்னிடம் உள்ளதை எழுதினாய், நானும் எழுதிவிட்டேன்.

வைதேஹி


பாரிஸ்
18 நவம்பர் 2024

அன்புள்ள வைதேஹி,

உங்கள் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. வேலை என்று சொல்லமாட்டேன். நாலு தடவை எழுதி அழித்தேன். ஒவ்வொரு தடவையும், அவர் உங்களைக் கடைசியில் நடிக்க வைத்தது எவ்வளவு நல்ல விஷயம் என்று எழுதி, அது எனக்கே பொய்யாகத் தெரிந்து நிறுத்தினேன்.

உண்மை இது. என்னை அவர் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. முப்பத்தொரு நாளும் நான் என்ன செய்தாலும் "பிரமாதம்" என்பார். சில காட்சிகளில் நான் சரியாகச் செய்யவில்லை என்று எனக்கே தெரியும். அப்போதும் பிரமாதம்தான். மரியாதைக்குச் சொல்கிறார் என்று புரியாமல் அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். வெளி மனிதரிடம் யாராவது முகத்துக்கு நேரே, முழுங்கிவிட்டாய், மறுபடி சொல் என்பார்களா? உங்களிடம் சொன்னார். அதுவும் சாகக் கிடக்கும்போது, நாலு தடவை. உங்கள் கடிதத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் மூடி வைத்துவிடுவேன்.

போன புதன்கிழமை இங்கே படம் வெளியானது. முதல் நாளே, இரவல் வாங்கிய ஒரு சேலையில் போய் உட்கார்ந்தேன். அவர் முகம் சுவர் அளவுக்கு வந்தது. பெட்டியோடு நான் வந்து நிற்கிற காட்சி. முதல் தடவையே நன்றாகப் பண்ணிவிட்டேன் என்று அவர் சொன்னாராமே. நான் பார்த்தேன். வந்தேன் என்று சொன்னபிறகு நான் மூச்சு விடவில்லை. அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். உங்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது நான் செய்ததை இல்லை. நான் செய்யாமல் விட்டதை உங்களிடம் சரி பண்ணியிருக்கிறார். இதை உங்களிடம் மறைத்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன்.

படம் முடிந்ததும் எல்லாரும் அழுதுகொண்டு எழுந்து நின்றார்கள். அவர் இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்திருந்ததால் நிறையப் பேருக்குத் தெரியும். வெளியே வரும் வழியில் ஒரு வயதான அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்கள் அப்பாவை நினைத்து ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். நான் நடிகை என்பதை மறந்துவிட்டு அவர் பேசினார். தலையை ஆட்டியிருந்தால் போதும், அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது வேண்டியும் இருந்தது.

அவர் என் அப்பா இல்லை என்று சொன்னேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், மைசூரில், ஒரு லேபில் வேலை செய்கிறாள், பெயர் வைதேஹி என்றேன். அந்த அம்மாவுக்கு உங்கள் பெயர் சொல்ல வரவில்லை. மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்.

சொல்லும்போது என் மனசுக்கு நன்றாகவே இல்லை. சரியாக வரும்வரை சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வைஷாலி